மூன்று துண்டு ஓநாய்

தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாய்.
மக்கலம் வீதிக் கடைக்காரர் ஒரு சதமும் இறங்கவில்லை.
மூன்று பேரும் பைகளைக் கவிழ்த்தோம்:
பஸ் காசு, ரோல்ஸ் காசு,
சும்மையா ரீலோட் போட வைத்திருந்த நூறு.

அட்டையில் பனிக்குள் ஒரு பெண்,
அவளுடைய நிழல் மட்டும் நாலு காலில்.
யார் முதலில் வாசிப்பது என்ற சண்டை
மருதானை ஸ்டேஷன் வரை வந்து
ரயிலிலும் ஏறியது.
அனொஷ்கா கொம்பாஸ் பெட்டியிலிருந்து பிளேட்டை எடுத்தாள்.
முதுகோடு வெட்டினாள், இரண்டு இடத்தில்.
எதிர் சீற்றில் இருந்தவர் தன் முதுகைத் தடவிக்கொண்டார்.
கொள்ளுப்பிட்டி தாண்டக் கடல்காற்று
ஒரு தாளைப் பிடுங்கிக்கொண்டு போனது.
விளம்பரத் தாளாக இருக்கும் என்றோம்.

நடுத்துண்டு எனக்கு.
நூற்றுத் தொண்ணூற்றேழாம் பக்கம்,
ஒரு வசனத்தின் பாதியில் தொடங்குகிறது என் கதை:
'...என்றால் நீ இன்னும் சாகவில்லையா?'
கேட்பது யார், நிற்பது எவன்,
ஒன்றும் தெரியாமல்
நூறாம் நம்பர் பஸ்ஸில் ஒரு கையால் தொங்கியபடி
அவனை விரும்பத் தொடங்கினேன்.

செத்தவனாம். யாராவது 'வா' என்றால்தான்
வாசலைத் தாண்டுவானாம்.
வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டுக்கு அது காணாது.
கீழே விமலசேன ஒரு கொப்பி வைத்திருக்கிறார்:
பெயர், அடையாள அட்டை இலக்கம்,
வந்த நேரம், போன நேரம்.
போன நேரத்துக்கு அவன் எதை எழுதுவான்?

அவள் பனியில் ஓடுகிறாள், இருபது பக்கம்.
எனக்குத் தெரிந்த பனி
சுப்பர்மார்க்கெட்டில் தளப்பத்து மீனுக்குக் கீழே கிடப்பது,
பிறகு நுவரெலியாவில் என் வாயிலிருந்து வந்த புகை.
இரண்டையும் சேர்த்து
அவளுக்கு ஒரு காடு செய்து கொடுத்தேன்.

முழு நிலவில்தான் உடம்பு மாறுமாம்.
இங்கே அது போயா. லீவு.
ரியூஷன் இல்லை, இறைச்சிக் கடை எல்லாம் பூட்டு,
பாவம், பசியோடு காலி வீதியில் நிற்பாள்
என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்,
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், கல்லில் இருந்து.
சும்மையா மட்டும் சிரிக்கவில்லை.
கடைசித் துண்டு அவளிடம்.

கெமிஸ்ட்ரி வகுப்பில்
வருத்தக்காரியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.
என் பையனைக் கொன்றுவிட்டார்கள், முடிவு அவளுக்குத் தெரியும்,
எனக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறாள்
என்று நினைத்தேன். அவளை இன்னும் பிடித்தது.

ஓகஸ்ட் லீவில் டோஹாவுக்குப் போய்விட்டாள்,
வாப்பா, உம்மா, இரண்டு தம்பிகள்,
சூட்கேஸுக்குள் இருநூறு பக்கம்.

செப்டம்பர் புத்தகக் கண்காட்சி.
அதே நிழல், புது அட்டை, நாலாயிரத்து இருநூறு.
ஒரு பிரதியில் மட்டும் பொலித்தீன் கிழிந்திருந்தது.
நின்றபடியே கடைசித் தாளைப் புரட்டினேன்.

ஓநாய்த்தனம் சுகமாகிவிட்டதாம்.
வெள்ளைச் சட்டை, ஏரிக்கரை, மோதிரம்.
அவனுக்கும் மூச்சு வந்துவிட்டது.
இனி மாதம் முழுக்க இரண்டு கால்தான்.

இதுக்கா அப்பிடிப் பார்த்தனீ, என்று மெசேஜ் போட்டேன்.
பதில் உடனே வந்தது:
'முடிவு எனக்கும் தெரியாடி.
என்ட துண்டு 588ல முடியுது.
ஒரு தாள் இல்ல.'

அப்ப ஏன்?

புள்ளிகள் வந்தன, நின்றன, வந்தன.
'அன்டைக்குத்தான் விசா வந்த.
சொல்ல வாய் வரல்ல.'

பின்னாலிருந்து ஒருவர்
வாங்குவதென்றால் வாங்கும்படி சிங்களத்தில் சொன்னார்.
புத்தகத்தை வைத்தேன். நிழல் மேலே இருக்கும்படி.

'என்ன நடந்த கடைசில? சொல்லேன்.'

ஓநாயாவே இருந்திட்டாள், என்று எழுதினேன்.
காட்டுக்குத் திரும்பிப் போயிட்டாள்.
அவன் வாசலிலயே நிக்கிறான்,
ஒருத்தரும் வா எண்டு சொல்லேல்ல.

'சா,' என்றாள். 'நல்லம்.'